‘ஏசியே தேவைப்படாது’ என்று சொல்லிக் கட்டிக் கொடுத்த வீடு: கட்டப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஏசி மாட்ட வந்த பையன் படுக்கையறையின் மேற்குச் சுவரில் பைப் போவதற்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். மெஷின் உள்ளே போகப் போக ஒரே செங்கல் தூள். “என்னண்ணே, எலிப்பொறிக் கட்டுன்னு சொன்னீங்க. பாதியில சடக்குன்னு உள்ள போகும்னு பாத்தா கடைசி வரைக்கும் கெட்டியாவே வருது” என்றான். எலிப்பொறிக் கட்டு என்றால் சுவருக்கு நடுவில் வெற்றிடம் இருக்க வேண்டும். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திருச்சி, திருவெறும்பூர் பக்கம் 1,100 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் உள்ள வீடு. சாதாரணக் கட்டுமான விலையைவிட சதுர அடிக்கு 180 ரூபாய் கூடுதலாக, ‘பசுமை வீடு’ என்ற பெயரில் வாங்கினார் கான்ட்ராக்டர். மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம். ‘வீடு தானாகவே குளுகுளுன்னு இருக்கும் சார், கரண்ட் பில்லைப் பாத்து நீங்களே சிரிப்பீங்க’ என்றார். சித்திரை, வைகாசி பில் 720 யூனிட். வாடகை வீட்டில் இருந்தபோது 400-ஐத் தாண்டியதில்லை.

எலிப்பொறிக் கட்டு தெரியாதவர்களுக்காக: செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. அந்த வெற்றிடத்தில் நிற்கும் காற்று வெயில் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். செங்கலும் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும். கேரளத்தில் லாரி பேக்கர் இதைப் பரப்பியதே ஏழைகளுக்கும் மலிவாக வீடு கட்டத்தான். செலவைக் குறைக்க வந்த முறைக்கு என்னிடம் கூடுதல் பணம்! கேட்டதற்கு, வேலை தெரிந்த கொத்தனாருக்குக் கூலி ஜாஸ்தி என்றார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

முகப்புச் சுவரைப் பூசாமல் விட்டார்கள். அது நிஜமான எலிப்பொறிக் கட்டுதான், பார்க்கவும் அழகு. பூச்சு ஏறிய மற்ற மூன்று பக்கமும் வழக்கமான 9 அங்குலச் சுவர். சந்தேகம் தீர வேறு இரண்டு இடத்திலும் துளை போட்டுப் பார்த்துவிட்டேன். இதில் என் தப்பும் இருக்கிறது. நான் சென்னையில் வேலையில் இருந்தேன், சனி ஞாயிறுதான் சைட்டுக்குப் போவேன். தினமும் குடை பிடித்து நின்ற என் மாமனார் ஒருநாள் போனில், “மாப்ள, பின்பக்கச் சுவர் வேற மாதிரி வருதே” என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்து, இன்ஜினியர் பார்த்துக்கொள்வார் மாமா என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றுவரை அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

அடுத்தது மொட்டைமாடி. ஒற்றைத் தள வீட்டுக்கு வெயில் முக்கியமாக இறங்குவது கூரை வழியாகத்தான். சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி போட்டு மேலே தட்டோடு பதிக்கலாமா என்று கேட்டேன். அதெல்லாம் பழைய காலம், வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்றார். ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்ததும் தாழ்வாரக் குழாய் வழியாகப் பால் மாதிரி தண்ணீர் வந்தது. மாடியைக் கையால் தேய்த்தால் உள்ளங்கையெல்லாம் வெள்ளை. அடித்தது வெறும் வெள்ளை சிமெண்ட். மே மாதம் நண்பரின் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வாங்கி மதியம் 2 மணிக்கு வைத்துப் பார்த்தேன்: மாடித் தரை 58 டிகிரி, படுக்கையறைச் சீலிங் 41. ராத்திரி 11 மணிக்கும் சீலிங் இறங்கவில்லை. கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி நம் தலையில் கொட்டுகிறது.

அப்புறம் ஜன்னல். மேற்குப் பக்கம் ஆறடி அகலத்துக்கு ஸ்லைடிங் கண்ணாடி. இரண்டு கதவில் ஒன்று எப்போதும் இன்னொன்றை மறைத்துக்கொண்டே நிற்கும், ஆக பாதி ஜன்னல்தான் திறக்கும். காற்றும் பாதி. சாயங்கால வெயில் சாய்ந்து நேராக முகத்துக்கு வருவதால் மேலே போட்ட இரண்டடி சன்ஷேடால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மின்சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பு 2018-இல் குடியிருப்புகளுக்கென்றே ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. சுவரும் கண்ணாடியும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்துக்கு அதில் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு உண்டு. அந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று முன்பே கேட்டிருந்தால் ஆள் அங்கேயே திணறியிருப்பார்.

நான் ஏமாந்தது ஒரு சான்றிதழில். ஆபீஸ் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்தார். பசுமைக் கட்டடங்கள் பற்றி ஒரு தேர்வு எழுதிப் பாஸ் செய்ததற்கான சான்றிதழ் அது. அந்த மனிதருக்குப் பாடம் தெரியும் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு வீட்டுக்குத் தரும் ‘பசுமைக் கட்டடம்’ ரேட்டிங் என்பது வேறு: கட்டடத்தைத் தனியாகப் பதிவு செய்து, ஆவணம் கொடுத்து வாங்க வேண்டியது. என் வீட்டுக்கு யாரும் எதையும் பதிவு செய்யவில்லை.

அக்ரிமெண்ட்டில் இருந்தது ஒரே வரி: ‘பசுமை முறையில் கட்டித் தரப்படும்’. எந்தச் சுவர் எந்தக் கட்டு, கூரைக்கு எந்தக் கம்பெனிப் பெயிண்ட், எத்தனை கோட், எதுவும் இல்லை. உங்கள் அக்ரிமெண்ட்டில் இதையெல்லாம் எழுதி வாங்குங்கள். பெயிண்ட் டப்பாவைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்த பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள்.

போன் செய்தால், “சார், வெயில் இந்த வருஷம் எல்லாருக்கும்தான் ஜாஸ்தி” என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு. வக்கீல் நோட்டீஸ் போன வாரம் அனுப்பியாகிவிட்டது. மேற்கு ஜன்னலுக்கு இப்போதைக்கு மூங்கில் தட்டி வெளிப்பக்கமாகக் கட்டியிருக்கிறேன். 1,400 ரூபாய் ஆனது. அந்த 2 லட்சத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

அவருடைய அடுத்த சைட் எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு. வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறார். அதில் இருப்பது என் வீட்டு முகப்புச் சுவர்.