லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளுக்குத் தலைவர்: உள்ளே வளர்ந்தவரா, வெளியிலிருந்து வருபவரா, கல்வித் துறைக்கே புதியவரா?

அமெரிக்காவின் பள்ளி மாவட்டக் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கண்காணிப்பாளரை நம் ஊர் முதன்மைக் கல்வி அலுவலருக்கு நிகராக நினைத்துவிடக் கூடாது. இங்கே ஓர் அரசாணையில் ஒருவர் போகிறார், இன்னொருவர் வருகிறார். பெற்றோரை யாரும் கேட்பதில்லை. அங்கே பெரும்பாலான மாவட்டங்களில், மக்கள் வாக்களித்து அமைத்த பள்ளி வாரியம் ஆள் தேடுகிறது, சம்பளம் பேசுகிறது, ஒப்பந்தம் போடுகிறது. ஒத்துவராவிட்டால் மீதிக் காலத்துக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பியும் விடுகிறது. பதவி காலியானதும் ஊரே கருத்துச் சொல்லத் தொடங்கிவிடும். யார் வேண்டும் என்ற வாதத்துக்கு லாஸ் ஏஞ்சலஸைப் போல நல்ல களம் வேறு இல்லை. நியூயார்க்குக்கு அடுத்து நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டம் அது. ஏழு உறுப்பினர் வாரியம் 2000ஆம் ஆண்டிலிருந்து எல்லா வகை ஆட்களையும் அமர்த்திப் பார்த்துவிட்டது.

ஊர்க் கருத்து ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிரிகிறது. வகுப்பறையில் சாக்பீஸ் பிடித்த கை வேண்டும் என்பது ஆசிரியர் சங்கத்தின் பேச்சு. தொழிலதிபர்களும், அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு இயங்கும் சார்ட்டர் பள்ளிகளின் ஆதரவாளர்களும், பணத்தை ஆளத் தெரிந்த, தலைமை அலுவலகத்துக்குக் கடன்படாத ஒருவரைக் கேட்கிறார்கள். பெற்றோர் கேட்பது இன்னும் எளிமையானது: வருகிறவர் நாலைந்து ஆண்டுகளாவது இருக்கட்டும். அந்தக் கடைசி ஆசை நிறைவேறுவதுதான் அரிது.

கல்வித் துறைக்கு வெளியே இருந்து வந்தவர்களை முதலில் பார்ப்போம். சொல்ல அதிகம் இருப்பதும் அவர்களைப் பற்றித்தான். 2000இல் ராய் ரோமர் வந்தார். கொலராடோ மாநிலத்தின் ஆளுநராக மூன்று முறை இருந்தவர், அப்போது வயது 71. பள்ளி நிர்வாகம் அவருக்குப் புதிது. ஆனால் பணம் திரட்டவும் அரசியல்வாதிகளை வழிக்குக் கொண்டுவரவும் தெரிந்தவர். அந்த நேரத்தில் ஊருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். பல பத்தாண்டுகளாகப் போதிய புதிய பள்ளிகள் கட்டப்படாமல், பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இடப் பற்றாக்குறையால் சில பள்ளிகள் மாணவர்களைப் பிரிவு பிரிவாக்கி ஆண்டு முழுவதும் இயங்கின. வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கடன் பத்திரங்களின் துணையோடு ரோமர் காலத்தில் கட்டுமானம் வேகம் பிடித்தது. பின்னாளில் அந்தத் திட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய பள்ளிகளைக் கட்டி முடித்தது. 2006 வரை அவர் நீடித்தார். இந்த ஊருக்கு அது நீண்ட ஆயுள்.

ரோமரின் வெற்றியைப் பார்த்து வாரியம் தவறான பாடம் படித்தது என்பது என் எண்ணம். வெளியாள் என்றால் போதும் என்று நினைத்து, 2006இல் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் டேவிட் புரூவரைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே புதிய சம்பளக் கணினித் திட்டம் குளறுபடியானது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குச் சம்பளம் தப்பும் தவறுமாக வந்தது. அந்தத் திட்டம் அவர் வருவதற்கு முன்பே தீட்டப்பட்டது. பழியை முழுவதும் அவர் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் சம்பளம் வராத ஆசிரியருக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? 2008இல் அனுபவசாலியான ரமோன் கோர்ட்டினெஸைத் துணைக்கு வைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் புரூவரின் ஒப்பந்தத்தை முறிக்க 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வாரியம் இசைந்தது. துணைக்கு வந்தவரே தலைவரானார்.

மூன்றாமவர் ஆஸ்டின் பியூட்னர், முதலீட்டு வங்கியாளர். துணை மேயராகவும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பதிப்பாளராகவும் இருந்தவர். 2018இல் வாரியம் அவரை 5–2 என்ற வாக்கில் எடுத்தது. அடுத்த ஜனவரியிலேயே 30,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் கதை எளிதாக எழுதக்கூடியது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதே மனிதர் கோடிக்கணக்கான உணவுப் பொட்டலங்களை வழங்கும் மையங்களை நடத்தினார், மாணவர்களுக்குக் கணினி சேர்த்தார், பெரிய அளவில் கொரோனா பரிசோதனையும் ஏற்பாடு செய்தார். கட்டு, வாங்கு, கொண்டுபோய்ச் சேர் என்ற வகை வேலைகளில் இவர்கள் ஜொலிக்கிறார்கள். எதிரே ஆசிரியர் சங்கம் உட்கார்ந்திருக்கும் மேசையில் திணறுகிறார்கள்.

வெளியூரிலிருந்து வரும் கல்வியாளர் என்பது இரண்டு தரப்புக்கும் நடுவே ஒரு சமரசம். காகிதத்தில் பார்த்தால் இதுவே சிறந்த தேர்வு: வேலையும் தெரியும், உள்ளூர்ப் பகையும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் அனுபவம் அவ்வளவு மெச்சும்படியாக இல்லை. 2011இல் தலைமைக்கு வந்த ஜான் டீசி, கீழ்ப்படியாமை என்ற ஒரே காரணத்துக்காக மாணவர்களை இடைநீக்கம் செய்யும் வழக்கத்தை நிறுத்திய காலத்தவர். அது நல்ல சீர்திருத்தம். ஆனால் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று 130 கோடி டாலர் மதிப்பில் ஒரு கனவு கண்டார்; உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சில நாட்களில் அதன் பாதுகாப்புப் பூட்டை உடைத்து விருப்பமான தளங்களுக்குள் போய்விட்டார்கள். 2014இல் மாணவர் பதிவேட்டு மென்பொருளும் சொதப்பியது. உரிய வகுப்பு கிடைக்காமல் மாணவர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அக்டோபரில் டீசி விலகினார். மறுபடியும் 82 வயது கோர்ட்டினெஸுக்கு அழைப்பு போனது. தீப்பிடிக்கும்போதெல்லாம் வாரியம் யாரைத் தேடி ஓடியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆல்பெர்ட்டோ கர்வாலியோ இந்த வகையில் மிகப் பெரிய பெயர். மயாமியில் 2008 முதல் பதவியில் இருந்து, தேசிய விருதெல்லாம் வாங்கியவர். 2018இல் நியூயார்க் பதவிக்கு ஒப்புக்கொண்டு, மறுநாளே தொலைக்காட்சி நேரலையில் வேண்டாம் என்று சொன்ன வேடிக்கையும் அவர் கணக்கில் உண்டு. 2021 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வாரியம் அவரை ஒருமனதாக எடுத்தது, ஆண்டுச் சம்பளம் 4,40,000 டாலர். 2023 மார்ச்சில் பஸ் ஓட்டுநர்கள், உணவுக்கூட ஊழியர்கள், வகுப்பறை உதவியாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தபோது ஆசிரியர்களும் உடன் நின்றார்கள். 2024 மார்ச்சில் 'எட்' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஆரவாரமாக அறிமுகமானது. சில மாதங்களில் அதை உருவாக்கிய நிறுவனமே சரிந்தது. ஒரு தமாஷ்: 2019, 2023 ஆகிய இரண்டு வேலைநிறுத்தங்களிலும் சமரசம் பேச வந்தவர் நகர மேயர். பள்ளிகள் மீது அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

உள்ளே வளர்ந்தவருக்கு இந்த ஊர் முழு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கவே இல்லை. மிஷெல் கிங் இந்த மாவட்டப் பள்ளிகளிலேயே படித்தவர், இங்கேயே ஆசிரியர், தலைமையாசிரியர், தலைமைத் துணைக் கண்காணிப்பாளர். 2016 ஜனவரியில், நாடு தழுவிய தேடலுக்குப் பிறகு, பக்கத்து அறையில் இருந்தவரையே வாரியம் ஒருமனதாக எடுத்தது. நாடெல்லாம் தேடிச் செலவழித்தது எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும். 2017 செப்டம்பரில் மருத்துவ விடுப்பில் போனவர் திரும்பவில்லை, 2019இல் காலமானார். உள்ளே வளர்ந்தவர் அமைதி தருவார், மாற்றம் தரமாட்டார் என்பது வழக்கமான குறை. இரண்டாண்டு கூட முழுமையாகக் கிடைக்காத ஒருவரை வைத்து அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

என் வாக்கு யாருக்கு என்று கேட்டால், இப்போதைக்கு உள்ளே வளர்ந்தவருக்கு. காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் 7 லட்சத்துக்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை இன்று சுமார் 4 லட்சம். பிறப்பு விகிதம் குறைந்தது, வீட்டு வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறின, சார்ட்டர் பள்ளிகள் ஒரு பங்கை இழுத்துக்கொண்டன. ரோமர் எதிர்கொண்டது இட நெருக்கடி; இனி வருபவருக்குக் காத்திருப்பவை காலி வகுப்பறைகள். எந்தப் பள்ளியை எதனோடு இணைப்பது, எதை மூடுவது என்று தெருத் தெருவாகப் போய்ப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை, அதே வட்டாரத்தில் பாடம் நடத்திய ஒருவர் வந்து பேசினால் மக்கள் கத்துவார்கள், ஆனால் கேட்பார்கள். விமானத்தில் வந்திறங்கியவர் பேசினால் கத்துவதோடு சரி.

எப்படித் தேடுவது என்பதிலும் இரண்டு வழி உண்டு. பாஸ்டன் 2022இல் இறுதிச் சுற்றுக்கு வந்த இருவரைப் பொதுமேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டது; அதன் பிறகு குழு 4–3 என்று பிரிந்து மேரி ஸ்கிப்பரைத் தேர்ந்தெடுத்தது. பெயர் வெளியே தெரிந்தால் இருக்கும் வேலைக்கு ஆபத்து என்று நல்லவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள் என்பது இந்த வழியின் மெய்யான இழப்பு. லாஸ் ஏஞ்சலஸ் அதற்கு அஞ்சியே பெயர்களை மூடி வைக்கிறது. மக்களிடம் படிவம் நிரப்பி வாங்குகிறது, கூட்டம் நடத்துகிறது. அதன் பிறகு கதவைச் சாத்திக்கொள்கிறது. உள்ளூர் ஆளைத் தேடும்போது அந்த அச்சத்துக்கே வேலை இல்லை. 2018இல் பியூட்னரோடு பேசப்பட்ட மற்றொரு பெயர் விவியன் எக்சியன். வகுப்பறை உதவியாளராகத் தொடங்கி, கிங் விடுப்பில் இருந்தபோது மாவட்டத்தையே நடத்தியவர். அவர் போட்டியில் இருந்ததும் பின்னர் விலகியதும் ஊருக்குப் பத்திரிகை வழியாகத்தான் தெரியவந்தன. அவரிடமோ பியூட்னரிடமோ ஒரு பெற்றோர்கூட நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்க வாரியம் இடம் கொடுக்கவில்லை.