பழைய இணையதளம்: ஒட்டுப்போடுவதா, இடித்துக் கட்டுவதா?

பல வருடமாக ஓடும் நிறுவனத் தளத்தைக் கைபேசியில் திறந்தால் எறும்பு சைஸில் எழுத்து தெரியும். கைபேசித் திரையின் அகலத்துக்கேற்ப வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் என்ற வரி இல்லாத பக்கத்தை உலாவி 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, திரைக்குள் சுருக்கிக் காட்டுகிறது. 2007ல் வந்த ஐபோன் தொடங்கிவைத்த வழக்கம் அது. அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதாதா என்பார்கள். சேர்த்துப் பாருங்கள்: 760 பிக்சல் என்று அகலம் குறித்து வைத்த டேபிள் (பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் அட்டவணை) திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கைபேசிக்கென்று தனியாக, m. என்று தொடங்கும் முகவரியில் ஒரு எம்-டாட் தளம் வைப்பதை இன்று யாரும் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஒரே தகவலை இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், ஒன்றில் மறந்துபோகும். ஒரே பக்கம் திரையின் அளவுக்கேற்ப வடிவம் மாறிக்கொள்ளும் ரெஸ்பான்சிவ் டிசைன் என்ற யோசனையை வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்காட் 2010 மே மாதமே எழுதிவிட்டார்.

அடுத்தது ஒட்டுப்போடுவது. இருக்கும் பக்கங்களை அப்படியே வைத்து, தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில், திரை அகலத்துக்கேற்ப விதியை மாற்றும் மீடியா குவெரி சேர்ப்பது. இது தேறுமா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். உலாவியில் ஸ்டைல்ஷீட்டை, அதாவது அந்த சிஎஸ்எஸ்ஸை, அணைத்துவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள். தலைப்பு, மெனு, விஷயம் என்று வரிசையாகக் கீழே இறங்கினால் தைரியமாக ஒட்டுப்போடலாம். அணைத்த பிறகும் மூன்று செங்குத்துப் பத்தியாகவே நின்றால் அது டேபிள் வைத்துக் கட்டிய கட்டடம்; ஒவ்வொரு பக்கத்தையும் அறுத்துத் தைக்க வேண்டிவரும். இன்னொன்று, ஒட்டுப்போட்டால் பக்கத்தின் எடை, அதாவது இறங்கும் டேட்டா, குறையாது. கண்ணுக்கு மறைத்துவைத்த படமும் பெரும்பாலும் பின்னால் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இடித்துக் கட்டுவது மீட்டிங்கில் எல்லோருக்கும் பிடிக்கும். நெட்ஸ்கேப் என்ற உலாவியைச் செய்த நிறுவனத்துக்கும் பிடித்திருந்தது. 1997ல் நான்காம் பதிப்பு வந்தது. பிறகு எல்லாவற்றையும் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். ஐந்தாம் பதிப்பு வரவே இல்லை, ஆறாவது வந்தபோது 2000 நவம்பர். அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது. அது உலாவி, இது தளம் என்றாலும் நோய் ஒன்றுதான்.

தளத்தில் கூடுதலாக ஒரு ஆபத்து: பழைய முகவரிகள். நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் புதுத் தோற்றம் வெளியான வாரமே புகார் வந்தது. இயந்திரத்தின் மேல் ஒட்டிய லேபிளில் இருந்த க்யூஆர் கோடு, கையேட்டுக்குப் பதிலாக, ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 பக்கத்தைக் காட்டியது. அச்சடித்து ஒட்டியதை யார் போய் உரிப்பது? ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பல் போட்டிருக்க வேண்டும். மொத்தத்தையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால், கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

என் ஓட்டு நான்காவது வழிக்கு. முகவரி மாறாமல், பக்கம் பக்கமாகப் புது டெம்ப்ளேட்டுக்கு நகர்த்துவது. கைபேசியில் அதிகம் திறக்கப்படும் பக்கமும் தொடர்புப் படிவமும் முதலில். படிவத்தில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், பெட்டியைத் தொட்டதுமே ஐபோன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் அனுப்பும் பொத்தானைத் தேடி அலைய வேண்டும். பதினொரு பத்தி உள்ள விவரப் பட்டியலைத் துண்டு துண்டான அட்டைகளாக மாற்றாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வருபவருக்கு, முதல் பத்தி நிலையாக நின்று மற்றவை பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும்.

இதிலும் சங்கடம் உண்டு. பல மாதம் புது முகப்பும் பழைய கொல்லைப்புறமுமாக இருக்கும். யாரும் திறக்காத கடைசிப் பக்கங்கள் நகராமலே கிடக்கும். மொத்தமே முப்பது நாற்பது பக்கம்தான், அல்லது அடியில் ஓடும் மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதே நின்றுவிட்டது என்றால் இடித்தே கட்டிவிடலாம், பழைய முகவரிப் பட்டியலை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு.