மாட்டிக்கொண்ட லென்ஸ்: ஊதிப் பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

எண்ணூர் முகத்துவாரத்தில், கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் எடுத்துவிட்டு, ஆன் செய்தால் லென்ஸ் குழாய் குழாயாக வெளியே நீளும் என் சின்ன டிஜிட்டல் கேமராவை உறை போடாமல் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வந்து, 'கிர்ர்... டக், டக்' என்று நின்றுவிட்டது. திரையில் 'லென்ஸ் எரர்'. சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்கிறது, வடக்கே எங்கள் பக்கம் கடல் கரையைத் தின்கிறது என்பது ஊரறிந்த கதை. கரையில் தங்காத மணல் என் கேமராவுக்குள் வந்து தங்கிவிட்டது.

இதற்கு வழி மூன்று. வீட்டிலேயே திறக்காமல் சரிசெய்வது, பஜாரில் கொடுத்து லென்ஸ் பிளாக்கையே (லென்ஸ், குழாய், மோட்டார் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகுதி) மாற்றுவது, கம்பெனி சர்வீஸ் சென்டர். கடைசியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மாடலை நிறுத்திச் சில வருடங்களில் உதிரிபாகம் வைப்பதையும் நிறுத்திவிடுவார்கள். என் கேமராவுக்குப் பத்து வயது. கவுன்டரில் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டு வைத்தியத்தில் முதல் வேலை பேட்டரி. சார்ஜ் குறைந்தாலே லென்ஸ் பாதியில் நிற்கும். முழுசாக சார்ஜ் ஏற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, குழாய்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் ரப்பர் புளோயரால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் போகும். மெல்லிய காகிதத் துண்டை இடுக்கில் விட்டுச் சுற்றிலும் ஓட்டலாம். கவிழ்த்த நிலையிலேயே ஆன், ஆஃப் என்று நாலைந்து தடவை. எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது கண்ணாடி வரைக்கும், ஷட்டர் இதழ் வரைக்கும் ஊர்ந்து போய்விடும். எனக்கு இந்த வழி இரண்டு தடவை பலித்தது. காசு செலவில்லை, வெற்றி பெற்ற சந்தோஷம் வேறு.

ஆனால் முதல் தடவை ஓடியது ஒன்பது நாள். இரண்டாவது தடவை மூன்றே நாள்.

இரண்டில் எது என்று முடிவு செய்ய நான் பார்ப்பது இதைத்தான்: சரிசெய்தது நிற்குமா? லென்ஸ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள். உள் குழாயின் மேல் சின்னச் சின்ன முளைகள் இருக்கும். அவை வெளிக் குழாயின் சாய்ந்த பள்ளங்களில் ஓடும். குட்டி மோட்டார் ஒன்று பிளாஸ்டிக் பல்சக்கரங்களைச் சுற்ற, குழாய் திருகிக்கொண்டே வெளியே வரும். அந்தப் பள்ளத்தில் ஒரு மணல் விழுந்தால் போதும். நாம் ஊதும்போது அது வெளியே வருவதாக நினைத்துக்கொள்கிறோம். பாதி நேரம் உள்ளேயே நகர்ந்து கிரீஸில் ஒட்டிக்கொள்கிறது. லென்ஸ் ஓடும், இரண்டு நாள் கழித்து வேறு இடத்தில் மாட்டும். அப்போது வருகிற ஒவ்வொரு 'டக்'கும், மோட்டார் முட்டிப் பல்லைத் தேய்க்கிற சத்தம். நான் இரண்டு வாரம் ஆன், ஆஃப் என்று அழுத்தியதில் மணலைவிட நானே அதிகம் கெடுத்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கி, பர்மா பஜாருக்கு நடந்தேன். கடைக்காரர் கேமராவைக் காதருகே வைத்து ஒரு தடவை ஆன் செய்தார். "இன்னா சார், பீச்சுக்குப் போனீங்களா?" என்றார். ஸ்குரூக்களைக் கழற்றி ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் வரிசையாக வைத்தார். உறை பிரிந்ததும் முதல் வேலையாக ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்து வைக்கிற கெபாசிட்டரில் இருந்த மின்சாரத்தை இறக்கினார். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும். யூடியூப் பார்த்து நீங்களே பிரிக்கலாம் என்று நான் சொல்லாததற்கு அது ஒன்றே காரணம். அப்புறம் கட்டைவிரல் நகத்தில் ஒரு மணலை எடுத்துக் காட்டினார். ரவையில் கால்வாசிகூட இல்லை. சுத்தம் செய்து அதையே மாட்டித் தரலாமா என்று கேட்டேன். வெள்ளைப் பல்சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று பல் மழுங்கியிருந்தது. "இது நிக்காது சார்."

செத்த கேமரா ஒன்றிலிருந்து கழற்றிய லென்ஸ் பிளாக், கூலியோடு 1,200 ரூபாய் ஆனது. எட்டு மாதமாக ஒரு தடவைகூட மாட்டவில்லை. குறை உண்டு: முழு ஜூமில் இடது ஓரம் கொஞ்சம் மங்கல். அந்தச் செத்த கேமரா எங்கே எப்படி அடிபட்டதோ. எல்லா மாடலுக்கும் பிளாக் கிடைக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். மாடல் நம்பரைச் சொல்லி விசாரித்துவிட்டுப் போங்கள். விற்கிற எண்ணம் இருந்தாலும் இந்த வழிதான் லாபம். கல்லூரிப் பிள்ளைகள் இப்போது பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடி வாங்குகிறார்கள், ஆனால் 'லென்ஸ் எரர்' காட்டுகிற கேமராவைக் காயலான் கடை விலைக்குத்தான் கேட்கிறார்கள்.

நாளைக் காலை கல்யாணம், இன்று ராத்திரி மாட்டிக்கொண்டது என்றால் ஊதுங்கள், தப்பில்லை. ஒரு நாளைக்கு அது போதும். எடுத்த படங்களுக்கும் பயமில்லை, எல்லாம் மெமரி கார்டில் பத்திரமாக இருக்கும்.

கீழே விழுந்து மாட்டிக்கொண்ட கேமரா வேறு கதை. அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பெரம்பூர் ஸ்டேஷன் படியில் மச்சான் நழுவவிட்டது; லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தூக்கி நின்ற பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினான், 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. பள்ளத்தை விட்டு வெளியே வந்த முளை திரும்ப உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு கேமராவை வைத்து அதை வழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கேமராவிலிருந்து கழற்றிய பழைய பிளாக்கைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தேன். மகள் அந்த வெள்ளைச் சக்கரத்தை விரலால் சுற்றி விளையாடுகிறாள். குழாய் நகர்ந்து வருகிறது, அந்த மூன்று பல் வரும் இடத்தில் வழுக்கி நிற்கிறது.