‘ச்சொத்தோ’வுக்கு அர்த்தம் சொல்லித்தந்த செயலி

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை தேறியும் ஜப்பானியர்களோடு பேசும்போது தடுமாறுவேன். எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் செய்த செயலியை இரண்டு வாரமாகப் பயன்படுத்துகிறேன். இலக்கணப் பாடமே இல்லை; அலுவலகக் காட்சிகள் மட்டும்.

சனிக்கிழமை கூட்டம் வைக்கலாமா என்று கேட்டேன். திரையில் இருந்த மேலாளர் மூச்சை உள்ளிழுத்து, “சனிக்கிழமை ச்சொத்தோ...” என்று இழுத்து நிறுத்தினார். ‘கொஞ்சம்’ என்றுதானே படித்திருக்கிறோம்! “கொஞ்ச நேரம் போதும்” என்றேன். அவர் முகம் மாறியது. காட்சி அங்கேயே நின்று, அது நாசூக்கான மறுப்பு என்று விளக்கியது. நம் வீட்டுப் பெரியவர்கள் “பார்க்கலாம்” என்பார்களே, அதேதான்.

அப்புறம், விசிட்டிங் கார்டை இரு கையாலும் வாங்கி, படித்துவிட்டு மேசைமேல் வைக்கும் பயிற்சியும் அருமை. மின்விசிறி ஓடினால்தான் நம் குரலைச் சரியாகப் பிடிப்பதில்லை. அதை அவசியம் சரிசெய்யுங்கள், தம்பிகளே.