யுங்கின் ‘ரெட் புக்’: படமில்லாத பதிப்பு கதை எழுதுகிறவனுக்குப் போதுமா?

போதும். ஆனால் படங்களோடு வந்த பெரிய பதிப்பை யார் வீட்டிலாவது ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் இதை வாங்குங்கள்.

நான் பார்த்தது திருவனந்தபுரத்தில், ஒரு நண்பர் வீட்டில். நாகர்கோவிலிலிருந்து கல்யாணத்துக்குப் போன இடம். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பெட்ஷீட் விரித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். சோனு ஷம்தாசானி பதிப்பித்து 2009-இல் வந்தது. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் தன் கைப்படப் பழைய மடாலயச் சுவடி மாதிரி எழுதி, வண்ணம் தீட்டி வைத்திருந்த ஏட்டை அதே அளவில் அச்சடித்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் மீன்கொத்திச் சிறகோடு ஒரு கிழவர். அவர் பெயர் ஃபிலேமோன். அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். படுத்துக்கொண்டு படிக்கிற ஆளுக்கு இந்தப் புத்தகம் ஆகாது. மூக்கு உடையும்.

நான் வாங்கியது 2012-இல் வந்த வாசகர் பதிப்பு. அதே ஆங்கில மொழிபெயர்ப்பு, அதே நீண்ட முன்னுரை, அதே அடிக்குறிப்புகள். படம் மட்டும் கிடையாது. இணையத்தில் வாங்கினேன், மூலை நசுங்கி வந்தது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினால் ‘படிக்கும் நிலையில் உள்ளது’ என்று பதில். படிக்கும் நிலையில்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

வாங்கின காரணம் எங்கள் பெரியப்பா. கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் நாலாம் வகுப்பு படிக்கையில் ஒரு நாள் கடையைப் பூட்டி, சாவியை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டுப் போனவர், பதினோரு மாதம் கழித்து அதே சாவியை வாங்கிக் கடையைத் திறந்தார். எங்கே போனார் என்று அவரும் சொல்லவில்லை, வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. இதைக் கதையாக்க மூன்று தடவை முயன்றேன். ஒன்றில் கடன் தொல்லை, ஒன்றில் துறவு ஆசை, ஒன்றில் வேறொரு குடும்பம். மூன்றிலும் மனுஷர் மரக்கட்டை மாதிரி கிடந்தார்.

கதை பாதியில் நின்றவர்கள் யுங்கிடம் போனதற்கு முன்னுதாரணம் உண்டு. ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேக்கு ‘சித்தார்த்தா’ நாவல் நடுவில் நின்றுபோனது. 1921-இல் யுங்கிடமே போய் உட்கார்ந்தார். மறு வருஷம் நாவல் வெளிவந்தது. யுங்கால்தான் முடிந்தது என்று நான் சொல்ல வரவில்லை.

‘நிழல்’ (நமக்குள் நாம் ஒளித்துவைக்கும் பக்கம்), ‘அனிமா’ (ஆணுக்குள் இருக்கும் பெண்) என்று யுங்கின் கலைச்சொற்களைக் கட்டிக்கொண்டு எழுதுகிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். பாத்திரங்களின் நெற்றியில் விலைச்சீட்டு ஒட்டினாற்போல இருக்கும். இந்தப் புத்தகத்தில் அந்தத் தொல்லை குறைவு. 1913-இல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டோடு உறவு முறிந்த பிறகு, அந்த டிசம்பரில் யுங் கண்ணை மூடி உட்கார்ந்து மனதுக்குள் வருகிறவர்களோடு பேச ஆரம்பித்தார். பைபிளின் எலியா தீர்க்கதரிசி வருகிறார், சலோமே வருகிறாள், ஒரு கறுப்புப் பாம்பு வருகிறது. யுங் கேள்வி கேட்கிறார், திட்டு வாங்குகிறார், ஒன்றும் புரியாமல் விழிக்கிறார். ஃபிலேமோன் அவரிடம் சொன்னதாகப் பிற்காலத்தில் ஒன்றை நினைவுகூர்ந்தார்: எண்ணங்களை நீ உண்டாக்குவதாக நினைக்கிறாய், அவை காட்டு மிருகங்கள் மாதிரி, அறைக்குள் இருக்கிற மனிதர்கள் மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்தது இஸ்துபார் கதை. மெசபடோமியக் காவிய நாயகன் கில்கமேஷின் பெயரை அந்தக் காலத்து அறிஞர்கள் பழைய எழுத்தில் தவறாகப் படித்தது அப்படி. கிழக்கேயிருந்து ஒரு பூதாகரமான வீரன் சூரியன் மறையும் தேசத்தைத் தேடி வருகிறான். மேற்கேயிருந்து வரும் யுங், அப்படி ஓர் இடம் கிடையாது, பூமி உருண்டை என்று விளக்குகிறார். கேட்ட மாத்திரத்தில் அவன் கோடரியை உடைத்துப் போட்டுவிட்டுச் சாய்கிறான். அறிவியல் அவனுக்கு விஷம். அத்தனை பெரிய உடம்பை யுங்கால் தூக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, ‘நீ ஒரு கற்பனை என்று ஒப்புக்கொள்’ என்கிறார். அவனுக்குக் கோபம் வருகிறது. கடைசியில் சம்மதிக்கிறான், உடனே காற்றாய் லேசாகிவிடுகிறான். வீட்டு வாசலில் நுழையமாட்டான் என்றதும் யுங் அவனை முட்டையளவுக்குச் சுருக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார்!

இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. விளக்கம் சொல்லிச் சொல்லித்தான் பெரியப்பாவை மூன்று தடவை சாய்த்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பைபிள் தொனியில் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் வரும், தள்ளிக்கொண்டு போங்கள். அடிக்குறிப்பு எழுத்து பொடி. என் கண்ணாடிக்கு எட்டவில்லை, பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். கையெழுத்து ஏட்டை யுங் முடிக்கவில்லை. 1959-இல் ஒரு பின்னுரை எழுத உட்கார்ந்து, அதையும் வாக்கியத்தின் நடுவே விட்டுவிட்டார். அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

யுங் மாதிரி நானும் பெரியப்பாவோடு பேச உட்கார்ந்ததும் வீட்டில் பயந்தார்கள். தனியாகப் பேசுகிறீர்களே, இது நல்லதுக்கா என்று. நியாயமான பயம்தான், யுங்குக்கே இருந்தது. எனக்கு மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உண்டு, நோயாளிகள் காத்திருக்கிறார்கள், குஸ்நாக்ட்டில் சீஸ்ட்ராஸ 228-இல் குடியிருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தரையில் நின்றாராம். கதவிலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பித்தைத் தாண்டியவர்.

அவர் 1937 கடைசியில் இந்தியா வந்தார். ரமணரைப் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் ரமணரைப் பற்றி ஜெர்மன் இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் ஸிம்மர் எழுதிய நூலுக்கு எழுதிய முன்னுரையில், திருவனந்தபுரத்தில் சந்தித்த ரமண சீடர் ஒருவரைச் சொல்கிறார். பள்ளி ஆசிரியர் மாதிரி சாதாரண மனிதர், பிள்ளைகுட்டிகளுக்குச் சோறு போடும் பாரம் தலைமேல். மகரிஷியைவிட இந்த ஆள் யுங்கை அதிகம் பாதித்திருக்கிறார் என்று தெரிகிறது. நான் ‘ரெட் புக்’கைப் புரட்டியதும் அதே ஊரில், கல்யாணச் சாப்பாட்டுக்கு நடுவில்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். காலை ஐந்து மணி, கட்டங்காப்பி, நாற்பது பக்க நோட்டு. ‘எங்க போயிருந்திய பெரியப்பா?’ என்று எழுதி, பதிலுக்குக் காத்திருந்தேன். முதல் நாலு நாள் வந்ததெல்லாம் என் பேச்சுதான், அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு. ஐந்தாம் நாள் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் பேனா எழுதியது: ‘மக்ளே, அந்த மீட்டர் கோலு ஒரு விரக்கடை கொறவு. ஒனக்குத் தெரியுமா?’

தெரியாது. அந்த இரும்புக் கோல் இன்னும் எங்கள் மச்சில் கிடக்கிறது. ஏறி எடுத்து, தூசி தட்டி, டேப்பை வைத்து அளந்தேன். சரியாக நூறு சென்டிமீட்டர்.

கதையில் ஒரு விரக்கடை குறைவாகவே வைத்திருக்கிறேன். இப்போது பதினேழாவது பக்கம். பெரியப்பா சாவியை எதிர்க்கடையில் கொடுத்துவிட்டார், கோலைக் கையோடு எடுத்துக்கொண்டு வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.