40 அளவு விமானத்துக்கு எந்த எஞ்சின்? மூன்றையும் ஓட்டிப் பார்த்தவனின் அனுபவம்

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களின் பெட்டியில் "40 முதல் 46 வரை" என்று எஞ்சின் அளவை அச்சிட்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் கேட்பது, "61 போட்டால் இன்னும் நன்றாகப் பறக்காதா?" என்பதுதான். ஒரே வகை உயர்இறக்கைப் பயிற்சி விமானத்தில் 40 டூ ஸ்ட்ரோக், 46 டூ ஸ்ட்ரோக், 52 ஃபோர் ஸ்ட்ரோக் என மூன்று எஞ்சின்களைப் பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். அதே விமானத்தில் 61 பொருத்திய நண்பருடையதையும் அவ்வப்போது பறக்கவிட்டிருக்கிறேன். என் தேர்வு 46. எப்படி அங்கே வந்து சேர்ந்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

இந்த எண்கள் கன அங்குலத்தின் நூறில் ஒரு பங்கைக் குறிப்பவை. 40 என்றால் 0.40 கன அங்குலம், அதாவது 6.5 சி.சி. 46 என்றால் 7.5 சி.சி., 61 என்றால் 10 சி.சி. என் விமானத்தின் இறக்கை நீளம் 1.6 மீட்டர், இறக்கைப் பரப்பு 45 சதுர டெசிமீட்டர், எரிபொருள் நிரப்பாத எடை இரண்டரைக் கிலோ. எந்த எஞ்சின் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது இந்த எடையையும் பரப்பையும்தான். இரண்டையும் சொல்லிவிட்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

40இல் தொடங்கியது நல்லதாயிற்று. பால் பேரிங் இல்லாத, வெறும் உலோக வளையமான புஷ் வைத்த எளிய எஞ்சின். முரண்டு பிடிக்காமல் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சுற்றில், அணையாமல் நிற்கும். கெட்டியான தரையில் ஓடி எழும்ப அந்தச் சக்தி தாராளம். குறை தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, சற்று உயரமாக வளர்ந்த புல்தரை. சக்கரங்களைப் புல் பிடித்து இழுக்கும்போது ஓட்டம் நீண்டுகொண்டே போகும். இன்னொன்று, தரையிறங்க வந்து, நிலைமை சரியில்லை என்று மறுபடி மேலேற்றும் தருணம். வேகம் குறைந்து, மூக்கு உயர்ந்து, முன்னே மரங்கள் நிற்கும் அந்தச் சில நொடிகளில், சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுக்கத் திறந்தால் எஞ்சின் உடனே இழுத்துக்கொண்டு போக வேண்டும். 40 இழுத்தது, ஆனால் யோசித்து யோசித்து இழுத்தது. கூடுதல் சக்தி எதற்கு வேண்டும் என்று கேட்டால் இந்தத் தருணத்தைத்தான் சொல்வேன். வேகமாகப் பறப்பதற்காக அதை யாரும் தேட வேண்டியதில்லை.

46க்கு மாறியபோது எஞ்சினைத் தாங்கும் பலகையில் புதிதாகத் துளை போட வேண்டியிருக்கவில்லை. பல தயாரிப்பாளர்கள் 40, 46 இரண்டையும் ஏறக்குறைய ஒரே கிராங்க் கேஸில், அதாவது எஞ்சினின் வெளி உறையில், வார்க்கிறார்கள். வெளி அளவும் எடையும் அதிகம் மாறாமல் சிலிண்டரின் கொள்ளளவு மட்டும் ஏறுகிறது. அதனால் எடையின் சமநிலை கெடாமல் கூடுதல் முறுக்குவிசை கிடைக்கிறது. எந்த எஞ்சின் வரிசையாக இருந்தாலும், ஒரே உறைக்குள் வரும் அளவுகளில் பெரியதை எடுப்பதுதான் லாபம். வாங்கும் முன் பொருத்தும் துளைகளின் இடைவெளியை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் புரொப்பெல்லரை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் எஞ்சினின் சக்தியைக் காற்றுக்குக் கொடுப்பதே அதுதான். 46இல் முதலில் 10 அங்குல விட்டமும் 6 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) கொண்ட 10x6 மாட்டியிருந்தேன். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், 6 அங்குலப் பிட்ச் கணக்களவில் மணிக்கு 110 கிலோமீட்டர் தருகிறது. பயிற்சி விமானத்தின் தடித்த இறக்கைக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. 11x5க்கு மாற்றினேன். அதே சுற்றில் கணக்கு 91 கிலோமீட்டராக இறங்குகிறது, ஆனால் விட்டம் கூடியதால் இழுவை கூடுகிறது. புல்தரையில் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கியது. தரையிறங்கும்போதுதான் மாற்றம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. 10x6 இருந்தபோது ஐடிலுக்குக் கொண்டுவந்த பிறகும் விமானம் தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்துகொண்டே ஓடுதளத்தின் பாதியை விழுங்கிவிடும். 11x5இல், திராட்டிலை மூடியதும் அந்தப் பெரிய, பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் காற்றில் பிரேக்காக நிற்கிறது. நினைத்த இடத்தில் சக்கரம் படுகிறது. எஞ்சின் மாற்ற நினைப்பவர்கள் முதலில் வேறு புரொப்பெல்லர் மாற்றிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். எஞ்சினோடு வரும் கையேட்டில் குறித்த வரம்புக்குள் மாற்ற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வரம்பை மீறிச் சிறியதைப் போட்டால் சுற்று தாறுமாறாக ஏறும், பெரியதைப் போட்டால் எஞ்சின் சூடேறித் திணறும்.

இனி அந்த 61. செங்குத்தாக ஏறும்போது பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது. மூக்கில் 150 கிராம் கூடினால், எடை மையத்திலிருந்து அது 30 செ.மீ. முன்னே இருக்கும் பட்சத்தில், 90 செ.மீ. பின்னே வாலில் 50 கிராம் ஈயம் சேர்த்தால்தான் சமநிலை திரும்பும். பெரிய டேங்க், கனத்த மவுண்ட், பலகைக்கு வலுவூட்டல் எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோ 2.8 கிலோவாகிறது. ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம், எடையின் வர்க்கமூலத்தோடு உயருவதால் சுமார் 6 சதவீதம் வேகமாகத் தரையிறக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவரின் கைகளுக்கு இந்த 6 சதவீதம் சிறியதல்ல. இதைவிடப் பெரிய கவலை படபடப்பு. குறைந்த வேகத்துக்கென வடிவமைத்த, இறக்கையில் அசையும் எய்லரானும் வாலில் அசையும் எலிவேட்டரும் வரம்பு மீறிய வேகத்தில் கிடுகிடுவென அதிரத் தொடங்கினால், கீல் பிய்ந்து பரப்பே கழன்றுவிடலாம். நண்பரின் விமானத்தை நான் ஓட்டியபோதெல்லாம் திராட்டில் பாதிக்கு மேல் போகவில்லை. பாதியில் ஓட்டுவதற்காக முழு எடையையும் சுமப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

52 ஃபோர் ஸ்ட்ரோக் தனி அனுபவம். 8.5 சி.சி. இருந்தாலும் சக்தியில் 40 டூ ஸ்ட்ரோக்கின் பக்கத்தில்தான் வரும், ஏனெனில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. குறைந்த சுற்றில் 12x6 போன்ற பெரிய புரொப்பெல்லரைச் சுழற்றும், எரிபொருள் குறைவாகக் குடிக்கும். ஒலியோ ஆழ்ந்து, இதமாக இருக்கும். வால்வு இடைவெளியை அவ்வப்போது சரிபார்க்கும் பொறுமை வேண்டும். பழைய காலத்து விமானங்களின் மாதிரிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுப்பேன்.

நீண்ட காலப் பயன்பாட்டில் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானித்தது பராமரிப்புதான். எரிபொருளில் உள்ள மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள் முடிவில் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் மிஞ்சியதையும் ஓட்டி எரித்துவிட்டு, சில சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைப்பேன். பின்பக்க பேரிங்கில் துரு ஏறினால் முதலில் ஒரு கரகரப்பு விரலுக்குத் தெரியும், பிறகுதான் காதுக்கு. எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலைத் திருகி உச்சச் சுற்றைக் கண்டபின், 300 சுற்று குறையும் அளவுக்குத் திறந்து வைப்பது என் வழக்கம். பிறகு மூக்கை வானத்தை நோக்கி நிமிர்த்திப் பிடித்து, சில நொடிகள் முழுத் திராட்டிலில் சுற்று தளராமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். தளர்ந்தால் அன்று அந்த விமானம் இன்னும் கொஞ்சம் நீடில் திறக்காமல் தரையை விட்டு எழும்பாது.

கடல்மட்டத்திலிருந்து உயர்ந்த இடங்களில் காற்று அடர்த்தி குறைவதால் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதச் சக்தி போய்விடும். கடும் வெயிலும் அதே திசையில் வேலை செய்யும். அப்படிப்பட்ட இடத்திலோ, மிதவை பூட்டித் தண்ணீரிலிருந்து எழுப்புவதற்கோ, பெட்டியில் சொன்ன வரம்பின் மேல் எல்லை கட்டாயம் வேண்டும். மின்மோட்டார் போடுகிறவர்களுக்கு சி.சி. கணக்கு பயன்படாது. சாதாரணப் பறப்புக்குக் கிலோவுக்கு 220 வாட், சாகசத்துக்கு 330 வாட் என்று கணக்கிட்டால், என் விமானத்துக்கு முறையே 550, 825 வாட் வருகிறது. பேட்டரியின் எடையையும் சேர்த்துத்தான் அந்தக் கிலோவை நிறுக்க வேண்டும்.