திருச்சி வாடகை ஸ்கூட்டர்: வண்டிக்கு நாலு ஸ்டார், கடைக்கு ரெண்டு

செட்டிநாட்டு வீடுகளை வரையத் தனியாகக் கிளம்பினேன். என் பூட்டன் அந்தப் பக்கம் கொத்தனார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவர்களில் ஒருத்தர். வீட்டுக்காரர் பெயர் வாசலிலேயே இருக்கும், பூசியவர் பெயர் எங்கேயும் இருக்காது. கார் எடுத்திருந்தால் நினைத்த இடத்தில் நின்று சுவரைத் தொட்டுப் பார்த்திருக்க முடியாது. அதனால்தான் ஸ்கூட்டர்.

வண்டி 110 சிசி. பிரேக் கச்சிதம், டயர் புதுசு. டிக்கியில் வாட்டர்கலர் டப்பா, தண்ணி பாட்டில், மழைக்கோட்டு எல்லாம் அடங்கிவிட்டன. வரைபலகை மட்டும் கால் வைக்கிற இடத்தில், முழங்காலில் சாய்ந்துகொண்டே வந்தது. ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். வாசனையே போதும்.

புதுக்கோட்டை போகிற வழியில் சித்தன்னவாசலுக்குத் திரும்பினேன். சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம்: மீன், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். 9ஆம் நூற்றாண்டுப் பச்சை இன்னும் பச்சையாகவே இருக்கிறது. கழுத்து வலிக்க வலிக்க வரைந்தேன். திருமயம் கோட்டையில் வெயில் மண்டையைப் பிளந்ததால் நிற்கவில்லை.

ஆத்தங்குடிதான் இந்தப் பயணத்தின் உச்சம். டைல் பட்டறையில் ஒருத்தர் கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் சிவப்பு, மஞ்சள், பச்சைச் சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றினார். அச்சைத் தூக்கினார். கோடு ஒன்றுகூடக் கலையவில்லை. மேலே காய்ந்த மணல்-சிமெண்டுக் கலவையைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு வழித்துவிட்டார். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது. "நீங்களும் ஊத்துறீங்களா தாயீ?" என்றார். என் பூ கொஞ்சம் கோணல்தான். பட்டறையே சிரித்தது, நானும் வாய்விட்டுச் சிரித்தேன். என் ஓவியக் கண்காட்சிகளில்கூட அப்படிச் சிரித்ததில்லை. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுத் தாழ்வாரச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். உச்சி வெயிலிலும் சில்லென்று இருந்தது. பூட்டன் பூசியதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் அவருடையது என்றே வைத்துக்கொண்டேன்.

இனி கடை. வண்டியைத் திருப்பி விட்டதும் பக்கவாட்டில் ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி அட்வான்ஸில் கை வைத்தார்கள். கிளம்பும்போது எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டியதும்தான் பணம் முழுசாக வந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டதோடு சரி.

எடுக்கப் போகிறவர்களுக்கு: நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள், வாடகை வண்டிக்கு அதுதான் முறை. வண்டியைச் சுற்றி வீடியோ எடுக்காமல் சாவியை வாங்காதீர்கள். ஹெல்மெட் உங்களுடையதாகவே இருக்கட்டும்.